ஏழுமலை மாமாவின் ஃபாரின் பால்

வெந்நீர் விழுந்த நொடியிலேயே அந்த வெனிலா வாசனை எழுந்துவிடுகிறது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் காத்திருந்தேன். பக்கத்தில் யாரோ காகிதக் கோப்பைக் காப்பியில் ஒரு பொடியைப் போட்டுக் கலக்க, மூக்கு முதலில் கண்டுகொண்டது, அப்புறம் வயிறு, கடைசியில்தான் அறிவு வந்து சேர்ந்தது. எழுந்துபோய் அந்தப் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். குளுக்கோஸ் பாகு, கெட்டிப்படுத்திய பாமாயில், கட்டி தட்டாமலிருக்க ஏதோ உப்பு, பேருக்குக் கொஞ்சம் பால்புரதம், வாசனை, நிறம். சத்துகளின் வரிசையில் புரதத்துக்கு நேரே ஏறக்குறைய ஒன்றுமில்லை. சர்க்கரைத் தண்ணீரும் எண்ணெயும் வெள்ளைச்சட்டை மாட்டிக்கொண்டு வந்தால் அதற்கு 'க்ரீமர்' என்று பெயர். காப்பியை வெளுக்கச் செய்வது அதன் வேலை, அதை ஒழுங்காகவே செய்கிறது, அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் கோபமெல்லாம், பால் என்று நம்பி அதை ஒன்றேகால் வயதுப் பிள்ளைக்குப் புகட்டிய எங்கள் வீட்டின் மேல்தான்.

அது 1991. நாங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூரில் இருந்தோம். அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா குவைத்தில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்தவர். அங்கே சண்டை மூண்டதும் சம்பாதித்ததையெல்லாம் விட்டுவிட்டு, பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, எப்படியோ உயிரோடு ஊர் வந்து எங்கள் வீட்டில் ஒண்டிக்கொண்டார். அவர் பையில் இருந்தது இரண்டு கைலி, ஒரு ரேடியோ, ஓடிவரும்போது மெஸ் ஸ்டோரிலிருந்து அள்ளிப் போட்டுக்கொண்டதில் மிஞ்சிய இரண்டு பெரிய டப்பா. "கூடாரத்துல பச்சத்தண்ணியில இத கலக்கிக் குடிச்சிதாங்கா உசுரோட கீறேன்" என்று சொல்லி அம்மாவிடம் நீட்டினார். உயிர்காத்த பொருளை யார் திருப்பிப் பார்ப்பார்கள்? சாமி படத்துக்குப் பக்கத்திலேயே டப்பாவுக்கு இடம் கிடைத்தது.

டப்பாவின் மேல் ஆவி பறக்கும் காப்பிக் கோப்பையின் படம் இருந்தது. நான் ஆறாம் வகுப்பு, அப்போதே வாய் நீளம். "பால் டப்பான்னா மாட்டு படந்தான மாமா போட்டிருக்கும்?" என்று கேட்டேன். மாமா ஒரு சிரிப்பு சிரித்தார். "மாட்டு படம் போடறதெல்லாம் நம்மூரு கம்பெனி. ஃபாரின்காரன் டீசண்டா கப்பு படந்தான் போடுவான்." அப்பா உட்பட வீடே தலையாட்டியது.

அன்றிலிருந்து தம்பி பாபுவுக்கு 'ஃபாரின் பால்'. எங்கள் மாடு கறந்த பால் இருக்கிறதே, நுரை அடங்காத அந்தப் பால், அது பிள்ளைக்கு இனி எதற்கென்று மொத்தமாகக் கூட்ரோடு டீக்கடைக்குப் போயிற்று. கம்பெனிக்குப் போகிறவர்கள் எங்கள் மாட்டுப் பாலில் டீ குடித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனார்கள். டீயில் கலக்கவேண்டியதைக் குடித்துவிட்டு எங்கள் பிள்ளை பாயில் கிடந்தான். நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பாபுவுக்குக் கன்னம் மட்டும் உப்பியது. கால் குச்சியாயிற்று. சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தவன் நிற்பதை விட்டான். தலைமயிர் செம்பட்டையடித்தது. அழுவதற்குக்கூடச் சோம்பல்பட்டு, ஈ மொய்த்தாலும் கையைத் தூக்காமல் படுத்திருந்தான். கன்னத்தைப் பார்த்தவர்கள் "நல்லா தளதளன்னு கீறான்" என்றார்கள். காலை யாரும் பார்க்கவில்லை.

பால்வாடிக்கு எடை போட வந்த நர்ஸம்மா ஒருத்திதான் பார்த்தாள். தொங்குதராசில் அவனைப் போட்டு, முள்ளைப் பார்த்து, "இன்னாம்மா, போன தபாவுக்கு எறங்கிக்கீது! இன்னா குடுக்கற?" என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மா, "குவைத்து பாலு" என்றாள். நர்ஸம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்புறம் இன்னா கவல? ரெண்டு ஸ்பூன் சேத்துப் போடு. பெரிய டப்பாவா? வாசன எப்படி இருக்கும்?" அடுத்தநாள் அவள் பிள்ளைக்கென்று ஒரு பொட்டலம் போயிற்று. யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

விஷயத்தை உடைத்தது படிப்பு அல்ல, தயிர். பங்குனியில் ஒருநாள் விருந்தாளி வருவதாக இருந்தது. ஃபாரின் பாலில் தோய்த்தால் தயிர் கட்டியாக வரும் என்று அம்மாவே ஆசைப்பட்டு, பொடியைக் கெட்டியாகக் கலக்கி, மோர் ஊற்றி மூடிவைத்தாள். காலையில் திறந்தால் வெள்ளைத் தண்ணீர், வைத்தது வைத்தபடி. அப்போதும் அம்மா சந்தேகப்பட்டது யாரை? எங்கள் வீட்டு மோரை. எதிர்வீட்டில் 'ஒற மோர்' வாங்கிவந்து மறுபடி தோய்த்தாள். மறுநாளும் அதே தண்ணீர். புளிப்பும் தித்திப்புமாக ஒரு நாற்றம் வேறு. சட்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு பாயில் கிடந்த பாபுவைப் பார்த்தாள்.

"ஒறையலயேடி" என்றாள் என்னிடம். "பாலுன்னா ஒறையணுமேடி."

அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் பால் நின்றது. கடைக்காரர் வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனார். அம்மா கறந்த பாலைக் காய்ச்சி, ஆற்றி, பாபுவின் தம்ளரில் ஊற்றினாள். பிறகு அவள் செய்த காரியத்தைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகைப் பொடியை மேலாகத் தூவினாள், வாசனைக்கு. மாமா தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை குடிப்பதைப் பார்ப்பார். வேலையில்லாத மனிதருக்கு அந்த நாளில் இருந்த ஒரே வேலை அது. மீதிப் பொடி அவருடைய டீயிலேயே கரைந்தது.

சித்திரை முடிவதற்குள் பாபு சுவரைப் பிடித்தான். வைகாசியில் சுவரை விட்டு நடந்தான். அவன் தள்ளாடித் தள்ளாடி வந்து மாமாவின் மடியில் விழுந்தபோது மாமா தொடையில் தட்டிக்கொண்டு, "பாத்தியாக்கா! ஃபாரின் பாலுன்னா சும்மாவா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு, கன்றிப்போய் நாலு நாள் இருந்தது. உள்ளே இழுத்துப்போய், பல்லுக்குள்ளேயே பேசினாள். "அவன் அங்கேர்ந்து எட்த்தாந்தது அது ஒண்ணுதாண்டி. அதியும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா, அவன் எத வெச்சிக்கினு எழுந்திரிப்பான்?"

எனக்குப் புரியவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கறந்தது மாடு, காய்ச்சியது அம்மா, பேர் வாங்கியது டப்பா.

பேர் இன்றுவரை அதற்குத்தான். பாபு இப்போது ஒரு கார் கம்பெனியில் லைனில் நிற்கிறான், எட்டு மணிநேரம் நின்றாலும் அசராத கால்கள். எங்கள் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் வடக்கேயிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்கு வாடகை அறைகள். தெருவில் மாடு இல்லை, உறை மோர் கேட்டு எவரும் எவர் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை, தயிர் பாக்கெட்டில் வருகிறது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தலை நரைத்த மாமா கல்யாணப் பந்திகளில் பாபுவின் முதுகில் அறைந்து, "ஃபாரின் பாலு ஊத்தி வளத்த ஒடம்பு" என்கிறார். நான் குனிந்து சாம்பாரைப் பிசைகிறேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரேயொரு தடவை அம்மா சொல்லத்தான் செய்தாள். அந்த வருஷம் ஆடியில் மாமாவுக்கு மஸ்கட்டில் வேலை அமைந்து, பம்பாய்க்கு ரயில் பிடிக்க ஸ்ரீபெரும்புதூரில் மெட்ராஸ் பஸ் ஏறினார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "போன ஒடனே நாலு டப்பா அனுப்பறேங்கா, புள்ளைக்கு மட்டும் நிறுத்திடாத" என்றார். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா பாபுவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஜன்னலோடு நடந்தாள்.

"டப்பால்லாம் வேணாண்டா ஏழுமல. போற எடத்துல மாடு கீதான்னு பாரு. இருந்தா, அந்தப் பால வாங்கி நீ குடி."