டோக்கன் அக்காவின் நடை

ஃபினாயில் வாசனைக்கு ஊர் கிடையாது. பர்மிங்காமில் எங்கள் தெருமுனை க்ளினிக்கின் கதவைத் தள்ளியதும் அது முகத்தில் அடிக்கிறது. நான் மதுரை கே.கே. நகரில் நிற்கிறேன். மறுகணமே இங்குள்ள அமைதி வந்து அந்த ஊரைத் துடைத்துவிடுகிறது. இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்து நாற்காலிக்கு என்ன நோய் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. சுவரில் ஒரு பலகை ‘டிங்’ என்கிறது. சிவப்பு எழுத்தில் ஒரு பெயர் ஓடுகிறது. பெயருக்குரியவர் ஓசையில்லாமல் எழுந்து போகிறார். என் பெயர் ஓடும்போதெல்லாம் யாரோ என்னைக் கூப்பிட மறந்துவிட்டதுபோல மனம் சுருங்குகிறது.

ஊரில் கூப்பிடுபவள் என் அக்கா ராஜாத்தி. கே.கே. நகரில் ஒரு க்ளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே டாக்டர் மணியை அழுத்துவார்; மணி அடங்குமுன் அவள் குரல் வாசலைத் தாண்டிவிடும். “பன்னெண்டு யாரு? காய்ச்சல்னு வந்தீகளா, காது கேக்கலன்னு வந்தீகளா?” இடது கையில் சேலைக் கொசுவம், வலது கையில் டோக்கன் கட்டு, குதிகாலில் சடக் சடக்கென்று அடிக்கும் ரப்பர் செருப்பு.

தொண்ணூறுகளில் நான் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் இருந்தேன். பாடுகிறவர்கள் டீ குடிக்கப் போகும்போது கூட்டம் கலையாமல் பிடித்து வைப்பது என் வேலை. நடிகர்களின் குரலில் பேசிப் பேசி எனக்கே அலுத்துப்போன ஒருநாள் அக்காவை ‘டோக்கன் அக்கா’ என்ற வேஷமாக மேடையேற்றினேன். சேலை கட்டவில்லை, பேண்ட்டின் ஓரத்தைக் கொசுவம்போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். வாடிப்பட்டித் திருவிழாவில் முன்வரிசையிலிருந்து ஒருவர், “எக்கா, எனக்கு ஊசி வேணாம், மாத்திர போதும்” என்று கத்தினார். “ஒங்களுக்கு வாயில போடணும் ஊசிய” என்றேன். பந்தல் அதிர்ந்தது. அந்தக் கூட்டத்துக்குள் அக்காவும் நின்றிருந்தாள், என்னிடம் சொல்லாமல் வந்து.

அழுவாளோ, அடிப்பாளோ என்று பயந்துகொண்டே இறங்கினேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“எல்லாஞ் சரிடா. எதுக்கு அப்பிடி இடுப்ப ஆட்டுற? எனக்கு ஆட்ட நேரம் ஏது? உள்ள மணி அடிச்சிருச்சுல்ல?”

சொன்னதோடு விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் அப்படியும் இப்படியும் நடந்து காட்டினாள். பின்னாலேயே நானும் நடந்தேன். சண்டை போட்டுக்கொள்கிறோம் என்று நினைத்து இரண்டு பேர் விலக்கிவிட வந்தார்கள். அதுவரை நான் ஒரு பெண்ணைப் போல நடந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து, மணிச் சத்தம் கேட்டவளைப் போல நடந்தேன். வேஷம் உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், காதில் என்பேன்.

பிறகு மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. நான் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். வெள்ளிக்கிழமைகளில் ஒரு பப்பின் மாடியில் யார் வேண்டுமானாலும் மைக் பிடிக்கலாம். என் ஓட்டை இங்கிலீஷில் டோக்கன் அக்காவை அங்கே கூட்டிப்போனேன். சிரித்தார்கள், நாசூக்காக. கூட்டத்திலிருந்து எதிர்க்குரல்தான் வரவில்லை. அதற்காக நான் விட்டுவைத்த இடைவெளிகள் மேடையெங்கும் குழிகுழியாகக் கிடந்தன. முடிந்ததும் ஒரு பெரியவர் கவலையோடு வந்தார். நான் நடித்துக் காட்டியது நிஜமான பெண்ணையா, அந்த அம்மாவின் மனம் புண்படவில்லையா என்று கேட்டார். “மெதுவாக நடக்கிறேன் என்று திட்டினாள்” என்றேன். அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான் கிடைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் சிரித்தார்.

போனமுறை ஊருக்குப் போனபோது அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். பக்கவாதம். இடது கால் தரையைத் தேய்த்தபடி பின்னால் வந்தது. அந்தத் தேய்ப்புச் சத்தத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். அவளிடமே இல்லாத நடையை நான் இனி மேடையில் நடப்பதாவது.

“இன்னும் என்னயப் போட்டுக் காமிக்கிறியா அங்க?”

“இல்லக்கா. விட்டுட்டேன்.”

அன்று முழுக்க அவள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. அவளுக்காகத்தானே விட்டேன் என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் நாளில் ஆட்டோ சந்துக்குள் வர முடியாமல் முனையில் நின்றது. பெட்டிகள் போய்விட்டன. அக்கா வாசல்வரை வந்து, வாக்கரில் சாய்ந்து நின்றாள்.

“நடந்து காமிச்சிட்டுப் போ.”

“எக்கா, தெருவே பாக்குது.”

“பாக்கட்டும். என் நடைய வச்சிருக்கவன் நீ ஒருத்தன்தான்டா. நீயும் விட்டுட்டா நான் எங்க போயிப் பாக்க?”

பேண்ட்டின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தேன். டோக்கன் கட்டு இருக்கவேண்டிய கையில் பாஸ்போர்ட். குதிகால் முதலில் விழுந்தது, சடக் சடக். “டோக்கனக்கா போகுது பாரு” என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். முன்னால் ஓடுவது அவள் கால்கள், பின்னால் இழுப்பது என் கழுத்து. பாதிச் சந்தில் கழுத்து திரும்பப் போனது. அப்போது வந்தது, பழைய க்ளினிக் குரல்:

“திரும்பாதடா! நான் என்னைக்குத் திரும்பிப் பாத்து நடந்தேன்? மணி அடிச்சிருச்சு, வெரசாப் போ!”