வட்டத்துக்கு வெளியே இருந்த துண்டு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். சுங்காய் பக்கம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். முன்னே பின்னே மாற்றிச் சொல்லிவிடுவேன், பல விஷயம் மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். லேபில் புதிதாகச் சேருகிறவர்கள் படிக்கட்டும், எழுதிக் கொடுங்கள் என்று ரேவதி கேட்டாள்.

1. என் வேலை

ஈப்போவில் ஒரு தனியார் லேபில் அட்டெண்டன்டாக இருந்தேன். முதலில் கண்ணாடிச் சாமான் கழுவினேன். பிறகு ஸ்லைடுக்குக் கலர் ஏற்றவும் கற்றுக்கொண்டேன். ரேவதி அங்கே டெக்னாலஜிஸ்ட். நோயாளியின் சதை மெழுகுக் கட்டிக்குள் இருக்கும், அதை மெலிசாகச் சீவி ஸ்லைடில் ஒட்டித் தருவாள். டாக்டர் ஸ்டெல்லா, தைப்பிங்காரர், மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார்.

கழுத்தில் நெறிகட்டினால் அதற்குள் பி செல், டி செல் என்று இரண்டு வகை இருக்கும். சாதாரண நீலக் கலரில் இரண்டுக்கும் ஒரே முகம். பிரித்துப் பார்க்கத்தான் மோனோக்ளோனல் ஆன்டிபாடி. சி.டி.20 என்ற பாட்டில் பி செல்லை மட்டும் பிடிக்கும், பிடித்த இடம் பழுப்பாகும். சி.டி.3 டி செல்லுக்கு.

மோனோக்ளோனல் என்றால் என்னவென்று கேட்க எனக்கு ஒரு வருஷம் கூச்சம். ஒருநாள் கேட்டேன். "ஒரே செல்லோட வம்சம்க்கா. அதனால ஒவ்வொரு சொட்டும் ஒரே மாதிரி வேலை செய்யும்" என்றார் டாக்டர். உடனே புரிந்தது. எங்கள் தோட்டத்து நர்சரியில் ஒரு தாய்மரத்து மொட்டுகளை எடுத்து ஆயிரம் ரப்பர் கன்றில் ஒட்டுவார்கள். ஆயிரமும் அந்த ஒரே மரம்தான். எங்கள் கங்காணி, மண்டோரும் அதைக் குளோன் என்றுதான் சொல்வார்.

2. வட்டம்

ஸ்லைடை சைலீனில் முக்கினால் மெழுகு கரையும். பிறகு ஆன்டிபாடி நன்றாகப் பிடிக்க பிரஷர் குக்கரில் வேகவைப்போம். வெந்து வந்த ஈர ஸ்லைடில் சதை இருக்கும் இடமே தெரியாது, கண்ணாடியோடு கண்ணாடி. சாய்த்துப் பார்த்து, அதைச் சுற்றித் தண்ணி ஒட்டாத பேனாவால் வட்டம் போட்டு, உள்ளே ஆன்டிபாடி சொட்டு விடவேண்டும். வட்டத்துக்கு வெளியே இருக்கும் சதைக்கு மருந்து போகாது. கடைசியில் நீலக் கலருக்கு ஸ்லைடை முழுசாக முக்குவதால் எல்லாச் சதையும் நீலமாகிவிடும். மறுபடி சைலீனில் போடும்போது வட்டமும் அழிந்துவிடும். எங்கே போட்டோம் என்பது போட்டவளுக்குத்தான் தெரியும்.

அன்று வந்தது ஊசி பயாப்சி, ஊசியால் எடுத்த மெல்லிய சதை. கழுத்துக் கட்டி, ஆண், ஐம்பத்திரண்டு வயது. சி.டி.3 ரேவதி செய்தாள், சி.டி.20 நான். கூடவே மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, கண்ட்ரோலுக்கு, பி செல் நிறைந்த டான்சில் சதை வைத்த ஸ்லைடு ஒன்று. கண்ட்ரோலில் அழகாகப் பழுப்பு ஏறியிருந்தது. நோயாளியின் ஸ்லைடில் பழுப்பே இல்லை.

"பெரிய செல் எதுலயும் ஏறல. பி செல் இல்ல போல" என்றார் டாக்டர். "கண்ட்ரோல் நல்லா இருக்கு டாக்டர்" என்றாள் ரேவதி. டாக்டர் டைப் பண்ணப் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தாச்சு. பி செல் புற்று என்றால் ஒரு வைத்தியம், இல்லையென்றால் வேறு.

ஸ்லைடைத் தட்டில் அடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். லேபிள் ஓரமாக நூல் மாதிரி நீளத் துண்டு. நடுவில் ஒரு சின்னத் துணுக்கு. நான் வட்டம் போட்டது நடுத் துணுக்கைச் சுற்றி மட்டும்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கு வயதாகி, வருஷா வருஷம் ஒப்பந்தம் நீட்டி வைத்திருந்தார்கள். அந்த வருஷத்து ஒப்பந்தக் கடிதம் கையெழுத்துக்காக டாக்டர் மேசையில்தான் இருந்தது.

ரேவதி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரேவதி, வட்டம் தப்பாப் போட்டுட்டேன். பெரிய துண்டு வெளியே நின்னுருச்சு."

"அலாமா! டாக்டர் சைன் பண்ணப் போறாங்க லா. ஓடுங்கக்கா!"

"நீ போய்ச் சொல்லேன்மா."

"நானா போட்டேன்? இத்தன வருஷமா உங்க குரல அந்தக் குக்கர்தான் கேட்டிருக்கு. இன்னிக்கு டாக்டரும் கேக்கட்டும்."

போனேன். கதவைத் தட்டக்கூட மறந்துவிட்டேன். "டாக்டர், சைன் பண்ணாதீங்க" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நிச்சயமாவா?"

"நிச்சயம்."

பின்னாலேயே வந்து நின்ற ரேவதியிடம், "மெழுகுக் கட்டியில சதை மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டு சீவல் வரும் டாக்டர். மூணாவது சந்தேகம்."

"சரி, நீயே செய்."

"நான் செய்றேன் டாக்டர்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தச் சத்தம் என்று தெரியவில்லை. "எங்க தப்பு நடந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "முதல் ஸ்லைடு உங்களுக்கு. ரெண்டாவது ரேவதி கையில இருக்கும்."

3. மறுபடி

இந்தத் தடவை மெழுகு கரையுமுன்னே ஸ்லைடைக் கையில் எடுத்தேன். மெழுகோடு இருக்கும்போது சதை வெள்ளையாகத் தெரியும். ஸ்லைடின் பின்பக்கம், இரண்டு துண்டையும் சுற்றி, வைர முனைப் பேனாவால் கீறினேன். கீறலை சைலீன் அழிக்காது. குக்கர் இறங்கியதும் கீறல்மேலேயே வட்டம் போட்டேன். ஆன்டிபாடி விட்டு ஈரப்பெட்டியில் வைத்த அரை மணி நேரமும் பெட்டியை விட்டு நகரவில்லை. பழுப்புக் கலர் சொட்டு விட்டதும் நூல் துண்டில் மெதுவாகத் தேயிலைச் சாயம் மாதிரி நிறம் ஏறியது.

"ரெண்டு பேரும் வாங்க" என்று டாக்டர் கூப்பிட்டார். மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு பெரிய செல்லைச் சுற்றியும் பழுப்புக் கோடு. "பி செல்தான்." முதல் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

பிறகு எனக்குத் திட்டு விழுந்தது. விழவேண்டியதுதான். "தப்பு நோட்டுல நீங்களே எழுதுங்க."

"இங்கிலீஷ் வராதே டாக்டர்."

"தமிழ்லயே எழுதுங்க. எனக்குப் படிக்கத் தெரியும்."

ஒப்பந்தம் நீட்டினார்கள். நீட்டுவார்கள் என்று தெரியாமல்தான் தப்பைச் சொன்னேன்.

புதுசாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கண்ட்ரோலில் பழுப்பு ஏறினால் மருந்து நல்லது என்றுதான் அர்த்தம். உங்கள் கை சரி என்று அர்த்தமில்லை. மெழுகு இருக்கும்போதே பின்னால் கீறிவையுங்கள்.

சி.டி. நம்பர், நிமிஷக் கணக்கு, எதற்குப் பிறகு எது என்பதெல்லாம் பிசகியிருக்கலாம். ரேவதியோ வேறு யாரோ பார்த்துத் திருத்துங்கள். வட்டம் போட்டது யார் என்கிற இடத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது நான்தான்.