ஏழாவது கேள்வியில் ஒரு சாதனம்

கல்வி ஆய்வாளர் என்பவர், ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் வகுப்புக்குள் நுழைந்து, வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டு அதைக் கெடுப்பவர். கேள்வித்தாள் கட்டைச் சுமந்துகொண்டு பள்ளி பள்ளியாக அலைந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டால் போதும்.

எனக்குச் சொந்த ஊர் சேலம் பக்கம். நாகர்கோவிலில் ஒரு கல்வியியல் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை. அந்த வருஷத்துக்குள் முனைவர் பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரம். வாங்காவிட்டால் 'தற்காலிகம்' நிரந்தரம். ஆய்வுத் தலைப்பு, கற்றல் கற்பித்தலில் தொழில்நுட்பம். போன், டேப்லெட், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்க ஒரு சொல் தேவைப்பட்டது. சென்னையில் இருக்கும் என் நெறியாளரிடம் போனில் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"சாதனம்னு போடும்மா. தமிழாவும் இருக்கும், கம்பீரமாவும் இருக்கும்."

தீர்ந்துபோனால்

ஏழாவது கேள்வி இதுதான்: 'வீட்டில் சாதனம் உள்ளதா? எத்தனை நாளைக்கு ஒருமுறை பயன்படுத்துகிறீர்கள்?' தக்கலை பக்கத்துப் பள்ளி ஒன்றில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஓர் அம்மாவிடம் முதலில் கேட்டேன். மகன் ஆறாம் வகுப்பு. "சாதனம் இல்லாத வீடு உண்டுமா டீச்சரே?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். தினமும் வேண்டும் என்றார். பிள்ளைக்கா என்றேன். பிள்ளைக்குத்தான் முதலில், மிச்சம்தான் மற்றவர்களுக்கு என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. சேலத்தில் என் அக்கா வீட்டில் பிள்ளைக்குப் போன் கிடைப்பது, பெரியவர்கள் எல்லாரும் பார்த்து ஓய்ந்த பிறகுதான்.

இணையம் தீர்ந்துபோவதை மனதில் வைத்து, "மாசக் கடைசியில தீர்ந்துபோனா என்ன பண்ணுவீங்கக்கா?" என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு, 'அண்டை வீட்டாருடன் இணைப்பைப் பகிரும் பண்பாடு' என்று ஓரத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

"தீந்துபோச்சுன்னா பக்கத்து வீட்டுல ஒரு கிண்ணம் வாங்கிக்கிடுவோம்."

கிண்ணம் என்ற சொல் மட்டும் கொஞ்சம் இடித்தது. இந்த ஊரில் இணையத்துக்கு அப்படி ஓர் அளவு இருக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

கதவைச் சாத்திவிட்டு

திருவட்டாறு பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளி. தலைமை ஆசிரியர் மரியாதையான மனிதர். வந்ததும் சாயா வரவழைத்துக் கொடுத்தார். நான் தாளைப் பிரித்து, "உங்க ஆசிரியர்கள்ல வகுப்பு நேரத்துல சாதனம் பயன்படுத்தறவங்க எத்தனை பேர் சார்?" என்று கேட்டேன். அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "ஒருத்தரு இருந்தாரு டீச்சர். இப்பம் மாற்றலாகிப் போயாச்சு" என்றார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. இருந்த ஒருவரையும் மாற்றிவிட்டால் பிள்ளைகள் எப்படி முன்னேறும்? அவரை மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தால் இந்தப் பள்ளி எங்கேயோ போயிருக்கும் என்று சற்று உரக்கவே சொன்னேன். தலைமை ஆசிரியர் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஒருத்தரையே எங்களுக்குத் தாங்க முடியல்ல, டீச்சர்."

மீண்டும் வாசிக்கவும்

ஆய்வின் இரண்டாம் பகுதி ஒரு வாசிப்புச் செயலி. பிள்ளை டேப்லெட்டைப் பார்த்துச் சத்தமாக வாசித்தால் அது மதிப்பெண் போடும். நான்காம் வகுப்பில் நன்றாக வாசிக்கிற பிள்ளை என்று ஒரு சிறுமியை அனுப்பினார்கள். தடங்கலே இல்லாமல், ஒவ்வொரு ழகரமும் கணீரென்று விழ, அந்த ஊர் ராகத்தோடு வாசித்தாள். செயலி, 'மீண்டும் வாசிக்கவும்' என்றது. மறுபடி வாசித்தாள். மறுபடியும் அதே பதில்.

மூன்றாம் முறை அவளே ஒரு முடிவுக்கு வந்து, முதுகை நிமிர்த்தி, டிவியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி ராகமே இல்லாமல் வாசித்தாள். ழகரத்தைக் கொஞ்சம் கெடுத்தும் வாசித்தாள். முழு மதிப்பெண், திரையில் நட்சத்திரங்கள் கொட்டின. இதை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தேன். அவள் டேப்லெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"டீச்சரே, இதுக்க ஊரு எது?"

களியக்காவிளை மளிகைக் கடை

ஏழாவது கேள்விக்குக் கிட்டத்தட்ட எல்லாப் பெற்றோரும் 'தினமும்' என்றே சொல்லியிருந்தார்கள். நெறியாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நான்காம் அத்தியாயத்தை அதன்மேலேயே எழுதி முடித்தேன். கடைசிப் பள்ளி களியக்காவிளையில். வேலை முடிந்து, பஸ்ஸுக்கு முன்னால் சோப்பு வாங்க ஒரு மளிகைக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பெண், "அண்ணே, எனக்க சாதனம் எடுத்து வச்சாச்சா?" என்றார். கடைக்காரர் ஒரு பையைத் தூக்கி வைத்தார். அரிசி, பருப்பு, மல்லிப்பொடி, ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய்.

காதுக்குள் 'கிண்ணம்' என்று ஒரு சத்தம் கேட்டது. சோப்பை மறந்துவிட்டு, "அண்ணே, சாதனம்னா மளிகைதானா? வேற எதையும் அப்படிச் சொல்வாங்களா?" என்று கேட்டேன். அவர் இருபுறமும் பார்த்துவிட்டு, கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்து, குடிக்கிற மாதிரி காட்டினார். கதவைச் சாத்திய தலைமை ஆசிரியர் கண்முன்னே வந்து நின்றார்.

"அந்தச் சாதனம் நான் விக்கது இல்ல மேடம். நீங்க பாத்தா படிச்சவிய மாதிரி இருக்கிய."

மறுபடியும் தக்கலை

பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். அத்தியாயத்தை அப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, பட்டம் வந்துவிடும் என்றும் நினைத்தேன். ஒரு வாரம் அப்படி நினைத்துக்கொண்டே இருந்துவிட்டு, தக்கலைக்குப் போய் அந்த அம்மாவிடமே, இந்த முறை போன் என்று சொல்லியே கேட்டேன். வீட்டில் ஒரே போன், அதைக் கணவர் சவுதிக்குப் போகும்போது கொண்டுபோய்விட்டார். ஊரடங்குக் காலத்தில் எல்லாரும் போனில் படித்தபோது மகன் சும்மா இருந்தான். இன்றைக்கும் வகுப்பில் அவன் பின்தங்கித்தான் இருக்கிறான். இதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் பள்ளி பள்ளியாக அலைந்தேன். முதல் முறை அவரிடம் அரைமணி நேரம் பேசியும் தெரிந்துகொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"போன்னு கேட்டிருந்தா அண்ணைக்கே இல்லன்னு சொல்லியிருப்பேன்லா. என்னட்ட ஆருமே அதக் கேக்கல்ல டீச்சரே."

நெறியாளரிடம் சொன்னேன், எல்லாரிடமும் முதலிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று, அந்த வருஷம் கையை விட்டுப் போனது. நான் இன்னமும் தற்காலிக விரிவுரையாளர்தான் என்றாலும், இந்த ஜில்லாவில் சாதனம் என்று கேட்டால் எங்கே எது கிடைக்கும் என்று கள ஆய்வு செய்து நிறுவிய ஒரே கல்வியாளர் அநேகமாக நானாகத்தான் இருக்கும்.