நோரீனின் கோபமும் எல்மரின் சட்டையும்

நோரீன் புட்ஜின்ஸ்கிக்கு மூக்கு நுனியில் கோபம். கனடாவின் தண்டர் பே நகரில், பக்கவாதம் வந்தவர்களுக்கான எங்கள் வார்டில் அவள்தான் மூத்த நர்ஸ். நோயாளிக்குப் பல் துலக்கிச் சட்டையும் மாட்டிவிட்டு வந்து நிற்கும் நர்ஸைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தன் வேலையைத் தானே செய்யக் கற்றுக்கொடுக்கத்தானே இந்த வார்டு? ஆனால் காலைச் சாப்பாட்டுத் தட்டு வருவதற்குள் எல்லோரும் உடுத்தி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஒரு நாளாவது ஒருவருக்குச் சட்டை மாட்டிப் பார்த்தவர்கள் போட்ட உத்தரவா அது? நினைத்தாலே எனக்கும் எரிகிறது.

எல்மர் ஹகாலா காட்டில் மரம் வெட்டியவர். பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. தனியாக உடுத்திக்கொண்டால் வீடு, இல்லையென்றால் முதியோர் இல்லம். அதை முடிவு செய்யும் அதிகாரி வருகிற காலையில், பிரென்னா என்ற இளம் நர்ஸ் பாவம் பார்த்து அவருக்குக் கம்பளிச் சட்டையை மாட்டிப் பொத்தானும் போட்டுவிட்டாள்.

நோரீன் பார்த்துவிட்டாள். "யாரு செஞ்ச வேலை இது?"

"தட்டு வந்துடுச்சு. பாவமா இருந்துச்சு..."

"பாவமாம் பாவம்! நாளைக்கு அவரு வீட்டுக்கு நீயா போய் மாட்டிவிடுவே?"

அதிகாரி உள்ளே வந்தார். நோரீன் அவரைப் பொருட்படுத்தவேயில்லை. "எல்மர், சட்டையைக் கழட்டுங்க. நீங்களே திரும்பப் போடுங்க."

"கஞ்சி ஆறுதும்மா! உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"இல்ல. கழட்டுங்க."

திட்டிக்கொண்டே கழற்றினார். அவள் சொல்லிக்கொடுத்தபடி, சட்டையை மடியில் விரித்து, விழுந்த கையை முதலில் நுழைத்தார். தோளுக்கு ஏற்றினால் நழுவியது. மறுபடி ஏற்றினார். வியர்த்துக் கொட்டியது. ஒரு வழியாகப் பொத்தானுக்கு வந்தார். முதல் பொத்தானே தப்பான துளையில் போனது.

அதிகாரி பேனாவை எடுத்தார். நோரீனுக்கு முகம் சிவந்தது. ஊரையே திட்டுகிறவள், தன்னை மறந்து, பொத்தானைச் சரிசெய்யக் கையை நீட்டிவிட்டாள்.

பளாரென்று அந்தக் கையில் ஒரு அடி வைத்தார் எல்மர்.

"எடு கைய! என் சட்டை, நான் கோணலாத்தான் போடுவேன். எவன் வந்து பாக்கப்போறான்?"

அதிகாரி சிரித்துவிட்டார். "சரி, வீட்டுக்கே போங்க. வாசல்ல படி இருக்கா?"

"இருக்கு. ஏறிக்குவேன்."

"பழகாம எப்படி ஏறுவீங்க? கஞ்சியக் குடிச்சிட்டு எழுந்திருங்க!" என்று கத்தினாள் நோரீன், கையைத் தேய்த்துக்கொண்டே.