சென்றாயன் போட்ட கலர்

மல்லசமுத்திரத்தில் சென்றாயனைக் கேலி பேசாத வாய் கிடையாது. எனக்கு அது பிடிக்காது. பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்றைக்கு அந்தக் கல்யாணப் பந்தலில் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தவர்கள்.

சென்றாயன் சோடாவும், பாட்டிலில் அடைத்த இனிப்புக் கலரும் போட்டு விற்பவன். எழுபத்தொன்பதில் சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் அவன் கலர்தான். "சுத்தமான சர்க்கரைங்க, சாமி சத்தியமா வேற எதையும் கையில தொட மாட்டேன்" என்று சொல்லித்தான் விற்பான். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் சனம் அவனிடம் போனது.

அந்தக் கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன் அப்புசாமி. சர்க்கரை வியாதிக்காரர். காலையில் ஊசி போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். ஆனால் தாய்மாமன் சீர் முடிகிறவரை வாயில் எதுவும் போடக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மனுஷன் ஊசியையும் போட்டுக்கொண்டார், வழக்கத்தையும் விடவில்லை. வீம்பு! மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் வழியில் பழுதாகி நிற்க, சீர் தள்ளிக்கொண்டே போனது.

திடீரென்று அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. சம்பந்தமில்லாமல் ஏதோ உளறினார். "காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு போல" என்று ஒருவன் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் மனைவி பாவாயிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஊசி போட்டுச் சாப்பிடாமல் இருந்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போனால், உடனே இனிப்பாக எதையாவது கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"வழக்கமும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம்! ஏப்பா சென்றாயா, அந்தக் கலர ஒடச்சுக் கொண்டா!"

சென்றாயன் கொண்டுவந்து கொடுத்தான். அப்புசாமி குடித்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேர்வை நிற்கவில்லை. இன்னொன்று கொடுத்தார்கள். பாதி வாயோரம் வழிந்தது, கண் சொருகியது. பாவாயி மிச்சத்தைத் தன் நாக்கில் விட்டுப் பார்த்தாள்.

"இனிப்பாத்தான இருக்குது! ஏனுங்க, கண்ணத் தொறந்து பாருங்க! இன்னொண்ணு ஒடப்பா!"

சென்றாயன் மூன்றாவது பாட்டிலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தக் கலரில் ஒரு சிட்டிகை சர்க்கரை கிடையாது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். சேலத்தில் வாங்கிவந்த சாக்ரின். நாக்கை மட்டும் ஏமாற்றும், ரத்தத்தில் சர்க்கரை ஏறாது என்று கடைக்காரரே சொல்லித்தான் கொடுத்திருந்தார். வாயைத் திறந்தால் பிழைப்பு போச்சு. திறக்காவிட்டால் கண்முன்னால் ஒரு உயிர் போகும். அவன் சத்தியத்தை நம்பிக் கலர் வாங்கிய அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள்.

"அக்கா, குடுக்காதீங்க!" என்று கத்தினான். "அதுல சர்க்கரையே இல்லீங்க, சாக்ரினுங்க! நாக்குக்குத்தான் இனிக்கும், ஒடம்புல ஒண்ணும் ஏறாதுங்க!"

அவன் சமையல்கட்டுக்கு ஓடி, பாயசத்துக்குத் தட்டிவைத்திருந்த வெல்லத்தை அள்ளிவந்தான். தண்ணீர் தெளித்துக் குழைத்து, அப்புசாமியின் கன்னத்துக்குள் விரலால் தடவினான். மறுபடி தடவினான். "ஏறிரு சாமி, ஏறிரு" என்று வெல்லத்திடமே கெஞ்சினான்.

கொஞ்ச நேரம் கழித்து அப்புசாமி கண்ணைத் திறந்தார். "சீரு முடிஞ்சுதா?"

பாவாயி அழுதுகொண்டே அவரைத் திட்டித் தீர்த்தாள். சென்றாயனுக்குக் கன்னத்தில் இரண்டு விழுந்தன. பொய்ச் சத்தியக்காரன் என்று பெயரானது. அந்த முகூர்த்த மாசம் முழுக்க ஒரு கல்யாண வீடும் அவனைக் கூப்பிடவில்லை.

ஒருநாள் நான் அவன் கடையில் இருந்தபோது பாவாயி வந்தாள். சென்றாயன் எழுந்து நின்றான்.

"ரெண்டு கலர் குடு. அவருக்குக் குடிக்கோணும்னு ஆசையா இருக்குதாம்."

"அக்கா, அது சாக்ரினுங்க."

"தெரியுமப்பா. அதனாலதான் வந்தேன். சர்க்கரை இல்லாத கலரு வேற எந்தக் கடையில இருக்குதுன்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது? எல்லாருந்தான் சத்தியம் பண்றாங்க."

சொல்லிவிட்டு முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதில் ஒரு கட்டி வெல்லம் இருந்தது.