அண்ணன் தொங்கவிட்ட வண்டி

செய்தி வந்தபோது மாலை நாலரை மணி. துணி மடித்துக்கொண்டிருந்தேன். போனில் அண்ணி அழவில்லை.

"பாப்பா, உங்கண்ணன் வாசல்ல நாற்காலியில சாஞ்சபடியே இருக்காரு. எத்தனை தடவை கூப்பிட்டும் பேச்சில்ல. நீ கொஞ்சம் வா."

அடுத்த தெருதான். நான் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டு டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டிருந்தார். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது, கஷ்டம் தெரிந்திருக்காது என்றார். அண்ணனின் விரல்களில் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால், ஏதோ வேலையைப் பாதியில் நிறுத்திக் கொஞ்சம் கண்ணயர்ந்தவர் மாதிரிதான் இருந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி, அலுவலகம், அடுக்குமாடி வீடு என்று எங்கே போனாலும் படி ஏறுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். "நான் எதுக்குங்க இருக்கேன்?" என்பார். வேலையில் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். பழுது பார்த்த லிஃப்டில் முதலில் தானே தனியாக மேலே போய்க் கீழே வருவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஏறலாம். இன்னொன்று, போர்டு. 'வேலை நடக்கிறது. இயக்காதீர்கள்' என்று சிவப்பில் எழுதிய தகரம். லிஃப்டுக் குழிக்குள் ஆள் இருக்கும்போது மேலே யாராவது சுவிட்சைத் தட்டிவிட்டால் அவ்வளவுதான். அதனால் போர்டை மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது.

ஓய்வு பெற்றபோது அந்தப் போர்டு வீட்டுக்கு வந்தது. ஒருநாள் அடுப்பைக் கழற்றித் துடைத்து மாட்டியவர், அதன் மேல் தொங்கவிட்ட போர்டை மறந்துவிட்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்து சாப்பாடு கேட்டார். அண்ணி சமைக்கவே இல்லை.

"மாட்டினவர்தானே கழட்டணும்? நான் சட்டத்தை மதிக்கிறவ."

அண்ணன் உடனே எனக்குப் போன் செய்தார். "பாப்பா, உங்க வீட்ல என்ன சமையல்?"

அவருடைய வண்டி கல்யாணமான புதிதில் வாங்கியது. சைக்கிளுக்கு அண்ணன் மாதிரியும் மோட்டார் சைக்கிளுக்குத் தம்பி மாதிரியும் இருக்கும். பச்சை நிறம். தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து அண்ணி தோசைக்கல்லையோ வாணலியையோ அடுப்பில் போட்டுவிடுவார். வார நாளெல்லாம் அதில் கருவிப் பை போகும். விடுமுறை நாளில் அண்ணி போவார். ஆற்றுப்பாலத்தைத் தாண்டினால் ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பிளாஸ்கில் கொண்டுபோன டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். ஒருமுறை கேட்டேன், அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று. "ஒண்ணும் இல்ல, அதான் போறோம்" என்றார் அண்ணி.

போன வருஷம் சிக்னலில் இந்த வண்டியைப் பார்த்த ஒருவர், வீடு வரைக்கும் காரில் பின்தொடர்ந்து வந்துவிட்டார். பழைய வண்டிகளைச் சேர்த்து ஒரு கொட்டகையில் காட்சிக்கு வைத்திருப்பவர். எங்களுக்கு அவர் மியூசியம்காரர் ஆகிப்போனார்.

"எனக்குக்கூட யாரும் இப்படிப் பின்னாடியே வந்ததில்ல" என்றார் அண்ணி.

மியூசியம்காரர் வாசலில் மண்டியிட்டு வண்டியைத் தடவித் தடவிப் பார்த்தார். பின்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பிகளிடம் வந்ததும் சிரித்தார். "அம்மா எப்பவும் இடது பக்கமாவே உக்காருவாங்க போல. இந்தப் பக்க ரப்பர் சப்பையாத் தேஞ்சு போச்சு. அந்தப் பக்கம் கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கு."

அண்ணிக்கு வெட்கமாகிவிட்டது. எழுந்து உள்ளே போனார்.

பிறகு மியூசியம்காரர் சொன்னது அண்ணனுக்கும் தெரிந்த விஷயம்தான். வண்டி செய்த கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. சிலிண்டர் தேயத் தேயக் கடைந்து, பெரிய பிஸ்டனாகப் போட்டுக்கொண்டே வந்து, இப்போது உள்ளே இருப்பதுதான் கடைசி அளவு. இதற்கு மேல் கடைய இரும்பு இல்லை.

"நிறுத்தி வெச்சா உங்க பேரன் பேத்தி காலத்துக்கும் இருக்கும் சார். ஓட்டினா, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். எங்கிட்ட கொடுக்க வேண்டாம். ஓட்டாம இருங்க, அது போதும்."

அண்ணன் பலநாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். ஆற்றுப்பாலம் வரைக்கும் ஆட்டோவில் போகலாம்தானே என்று அண்ணியிடம் கேட்டார். "போகலாமே" என்றார் அண்ணி. அந்த 'போகலாமே'யில் இருந்தது அவருக்குப் புரியவில்லை. நிறுத்தி வைப்பதென்று முடிவெடுத்தார்.

சாதாரண ஆளாக இருந்தால் துணி போட்டு மூடி ஒரு மூலையில் நிறுத்தியிருப்பார். இவர் லிஃப்ட்காரர். தரையில் நின்றால் டயர் சப்பையாகும், சுமை ஒரே இடத்தில் இறங்கும் என்று கூடத்து உத்தரத்தில் கொக்கி அடித்து, சங்கிலிக் கப்பி மாட்டி, நான்கு வார்ப்பட்டைகளில் வண்டியைத் தரைக்கு ஒரு சாண் மேலே தூக்கிவிட்டார். காலையில் எழுந்ததும் ரசமட்டம் வைத்து, வண்டி சாயாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். அண்ணி அதன் அடியில் குனிந்து பெருக்குவார்.

"ஊர்ல எல்லார் வீட்லயும் கூடத்துல ஊஞ்சல் தொங்கும். எங்க வீட்ல வண்டி தொங்குது."

"இந்தச் சங்கிலி ஆறு பேரைத் தாங்கும் தெரியுமா?"

"எதுக்கு? சொந்தக்காரங்களைத் தொங்கவிடவா?"

இதற்கிடையில் அண்ணியின் முட்டி மோசமாகிக்கொண்டே வந்தது. போகப்போக மடக்குவதே கஷ்டமாகும், போக வேண்டிய இடத்துக்கெல்லாம் இப்போதே போய்வந்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

ஒரு மத்தியானம் அண்ணனும் நானும் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கூடத்தில் அண்ணி, தொங்கும் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கீழே முக்காலி. அதில் ஏறித்தான் உட்கார்ந்திருக்கிறார். மடியில் பை, பைக்குள் பிளாஸ்க். வண்டி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணன் ஓடிப்போய் ஒரு கையால் வண்டியைப் பிடித்தார். "என்ன பண்றே அங்க?"

"கிளம்பி ரெடியா உக்காந்திருக்கேன். முன்னாடி ஆளைத்தான் காணோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை. கையில் மருந்துப் பையோடு அப்படியே நின்றார். அண்ணியின் முட்டியைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார், மறுபடியும் முட்டியைப் பார்த்தார்.

"இதுக்கும் கடைசி அளவு வந்துடுச்சு போல" என்றார் அண்ணி, முட்டியைத் தட்டிக்கொண்டு. "எது முதல்ல தேயுதுன்னு பாத்துடலாமே. ஏன், உங்களுக்குப் பயமா?"

அன்று சாயங்காலமே வண்டி தரைக்கு இறங்கியது. பெட்ரோல் ஊற்றி, ஆயில் கலந்து, கிக்கரை மிதித்தார். மிதித்தார், மிதித்தார், வியர்த்தது. அண்ணி வாசலில் முக்காலியோடு நின்று, "லிஃப்ட் எந்த மாடியில மாட்டியிருக்கு?" என்று கேட்டார். பிறகு ஒரு கனைப்பு, ஒரு புகை. தெருவை முதலில் தனியாக ஒரு சுற்று சுற்றி வந்தார் அண்ணன். அந்தப் பழக்கம் போகாது. அப்புறம்தான் அண்ணியை ஏறச் சொன்னார். முக்காலியையும் கூடவே கட்டி எடுத்துப்போனார்கள். திரும்பி வரும்போது பெஞ்சுக்குப் பக்கத்திலிருந்து ஏற வேண்டுமே.

விஷயம் தெரிந்து மியூசியம்காரர் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். வண்டியைச் சுற்றிவந்து, முக்காலி கட்டிய கயிற்றை இழுத்துப் பார்த்து, "இந்த முக்காலியையும் சேர்த்து ஒருநாள் எங்கிட்ட கொடுத்துடுங்க" என்றார். டீ குடித்துவிட்டுப் போனார். அதன்பின் அடிக்கடி வருவார், காரணம் எதுவும் சொல்லாமல்.

வெயில் காலம் முழுவதும் போனார்கள். அண்ணன் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. இன்ஜின் சத்தத்தில் கொஞ்சம் கரகரப்பு கூடியது உண்மை. "நானும்தான் கரகரன்னு பேசறேன், என்னை நிறுத்தி வெச்சுட்டாளா?" என்பார்.

அண்ணிக்கு ஒருபக்கமாக உட்கார்ந்தால் உடம்புச் சுமையெல்லாம் இடது முட்டியில் இறங்கியது. இனிமேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார்.

"இந்த வயசுலயா? பாக்கறவங்க என்ன சொல்வாங்க?"

"இப்பவாவது புத்தி வந்துச்சேன்னு சொல்வாங்க" என்றார் அண்ணன்.

பழைய ரப்பர்களில் ஒன்று தேய்ந்தது, இன்னொன்று கால் படாமலே காய்ந்து கல்லாகியிருந்தது. மியூசியம்காரர் எங்கேயோ தேடி ஒரு புது ஜோடி கொண்டுவந்து கொடுத்தார். அவற்றை வெந்நீரில் ஊறவைத்து இளக்கி, சோப்பு தடவித்தான் கம்பியில் ஏற்ற முடியும். அண்ணன் அன்று மத்தியானம் ஹேண்டில்பாரில் போர்டை மாட்டிவிட்டு, அண்ணிக்குத் தெரியாமல் பால் பாத்திரத்தில் வெந்நீர் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறார். ஒன்றை மாட்டியதும் அசதியாக இருந்திருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்தார்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து மியூசியம்காரர் வந்திருந்தார். வண்டியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "அந்த ரப்பரை நான் மாட்டிக் கொடுத்துட்டுப் போகட்டுமாம்மா?" என்று கேட்டார்.

அண்ணி ஹேண்டில்பாரைக் காட்டினார். "போர்டு தொங்குதே. மாட்டினவர்தானே கழட்டணும்?" சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

பால் காய்ச்ச வேறு பாத்திரம் வாங்கியாயிற்று. இடது பக்கம் புது ரப்பர் இருக்கிறது. வலது பக்கத்து ரப்பர் இன்னும் அந்தப் பழைய பாத்திரத்தில், ஆறிப்போன தண்ணீரில் கிடக்கிறது.