வீட்டில்தான் இருக்கிறாள்

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு வருஷம் ஒரு போலந்துக்காரி குடியிருந்தாள். தாமிரபரணி வாய்க்கால்களில் இருக்கும் நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவள். நத்தையைப் பார்க்க விமானம் ஏறிக் கல்லிடைக்குறிச்சிக்கு ஒருத்தி வந்திருக்கிறாள் என்றால் கேட்கவா வேண்டும்? தெரு முழுக்க அவளுக்கு நத்தைக்காரி என்றே பெயர். அது அவளுக்கும் தெரியும். கோபப்பட மாட்டாள்.

வந்த முதல் மாதமே என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். தன்னோடு இங்கிலீஷில் பேசக் கூடாது, தமிழில்தான் பேச வேண்டும். நானோ இருபது வருஷமாகத் தமிழ் டீச்சர். விடுவேனா? அவள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று முறை நிறுத்தித் திருத்துவேன். ஒருநாள் வாய்க்காலில் பாம்பைப் பார்த்த கதையைச் சொல்ல வந்தவள், கடைசிவரை பாம்புக்கு வந்து சேராமலே மாடிக்குப் போய்விட்டாள், பாவம்.

அவள் கதையெல்லாம் கேட்டது என் அக்காதான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னோடு இருந்தாள். முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். சாயங்காலமானால் அந்தப் பெண் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொக்கி வைத்துக் கொடுப்பாள். நான் அடுப்படியிலிருந்து திருத்தக் குரல் கொடுத்தால் அக்கா, "அவ கெடக்கா, நீ சொல்லுளா" என்பாள். அப்படி என்னதான் பேசுவார்களோ, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

போன வருஷம் அவள் விசா வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தாள். ஒருநாள் விடியற்காலையில் அக்கா நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான்தான் போன் செய்தேன். எங்கள் பக்கத்தில், வெளியூரில் இருப்பவருக்குச் சாவைப் போனில் சொல்ல மாட்டோம். "உடம்பு சரியில்ல, ஒடனே கெளம்பி வா" என்போம். வருகிற வழியில் பதறிவிடக் கூடாதே என்றுதான். கேட்கிறவரும் அதற்கு மேல் கேட்பதில்லை. காலை ஆறு மணிக்கு அப்படி ஒரு போன் வந்தால் என்ன என்று யாருக்கும் தெரியும். தூத்துக்குடிச் சித்தி நான் பேசி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

சென்னையில் இருந்த அவளுக்கும் போன் செய்து அதையே சொன்னேன்.

"அக்காவுக்கு உடம்பு சரியில்ல. கெளம்பி வா."

"மருத்துவமனையில் இருக்கிறார்களா டீச்சர்?"

"இல்ல. வீட்லதான் இருக்கா."

எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு பதிலே போதும். அவளுக்கோ அது நிம்மதியாக இருந்திருக்கிறது. வீட்டில்தான் இருக்கிறாள் என்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்குப் பெரியப்பா வந்து நின்றார். "அந்த வெள்ளக்காரப் பிள்ள வாராளா? அவளுக்காக வச்சிருக்கணுமா, சாயங்காலமே எடுத்துரலாமா?" என்று கேட்டார். நான் மறுபடியும் போன் செய்தேன். மதிய விமானத்தில் தூத்துக்குடியில் இறங்கினால் ஐந்து மணிக்கு அவள் வீட்டில் இருக்கலாம்.

"வரிசையில் நிற்கிறேன் டீச்சர். இது முடிந்ததும் இன்று இரவு ரயில். நாளைக் காலையில் வந்துவிடுவேன். அக்காவிடம் சொல்லுங்கள்" என்றாள்.

அவளுக்கு விஷயம் புரியவே இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தமிழிலோ இங்கிலீஷிலோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வரிசையை விட்டு ஓடி வந்திருப்பாள். அன்றைக்கே வர முடியாமல் போனாலும் அக்காவை ஐஸ் பெட்டியில் மறுநாள் வரை வைத்திருப்போம். ஆனால் நான் சொன்னது, "சரி, சொல்லுதேன்." போனை வைத்துவிட்டுப் பெரியப்பாவிடம், "அவளால வர முடியாது, எடுத்துருங்க" என்றேன்.

துக்கத்தில் ஏதோ சொல்லிவிட்டேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது உண்மையில்லை. எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். சாயங்காலம் ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்தது.

மறுநாள் காலையில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கையில் ஒரு பை நிறையச் சாத்துக்குடி. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அக்கா, எந்திச்சாச்சா?" என்று சத்தமாகக் கேட்டாள். அது நான் கற்றுக்கொடுத்த தமிழ் இல்லை, அக்காவின் தமிழ்.

முன்னறையில் மெஷினை ஓரமாகத் தள்ளி, அது இருந்த இடத்தில் விளக்கு ஏற்றி வைத்திருந்தோம். விளக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எப்போது?"

"நேத்து, விடியக்காலம்."

"நீங்கள் போன் செய்தபோதா? இரண்டு முறையும்?"

"ஆமா."

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். ஏன் அப்படிச் சொல்கிறோம், கேட்கிறவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று வகுப்பு எடுப்பவள் மாதிரி விளக்கினேன். அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

பிறகு, "டீச்சர், நீங்கள் இன்னும் என்னிடம் சொல்லவில்லை" என்றாள்.

"எத?"

"அக்காவுக்கு என்ன ஆனது என்று. நீங்கள் சொல்ல வேண்டும். நான் கேட்க வேண்டும்."

இருபது பேருக்குப் போன் செய்தவள் நான். ஒருவரிடம்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை. அவள் காத்திருந்தாள்.

"அக்கா செத்துப்போயிட்டா" என்றேன்.

முந்தின நாள் முழுக்கப் பாடைக்கும் மாலைக்கும் ஆள் அனுப்பிக்கொண்டு திரிந்தவள், அப்போதுதான் அழுதேன். அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். வெகுநேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"முகம் எப்படி இருந்தது டீச்சர்?"

"தூங்குத மாதிரி இருந்தா" என்றேன். எல்லாச் சாவு வீட்டிலும் எல்லோரும் சொல்வதுதான். அவள் தலையை ஆட்டிக்கொண்டு இன்னும் ஏதாவது சொல்வேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு வார்த்தையை நான் போனில் சொல்லியிருந்தால் அவள் இதை என்னிடம் கேட்டிருக்க வேண்டியதே இல்லை.